அறுந்த தங்கூசிக்கு ஆயுள் எவ்வளவு, தெரியுமா?

வெள்ளவத்தையில் மரைன் டிரைவைக் கடந்து, றெயில் தண்டவாளத்தையும் தாண்டி, அலையடிக்கும் பாறைகளில் ஏறி நின்று தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சில நேரம் முள் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இப்படி இழுத்துப் பார்ப்பார்கள், அப்படி இழுத்துப் பார்ப்பார்கள், வராது. நூலை அறுத்துவிட்டு, புது முள் கட்டி மறுபடியும் வீசுவார்கள். அறுத்துவிட்ட அந்த மூன்று முழத் தங்கூசி எவ்வளவு காலம் அங்கேயே கிடக்கும், தெரியுமா?

ஐந்து வருஷமா? ஐம்பதா? கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நோவா சொல்லும் மதிப்பீடு 600 ஆண்டு! அது எவ்வளவு நீண்ட காலம் என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் பொறித்த கல். ஆண்டு 1409. அவருடைய கப்பலில் வந்த மாலுமி ஒருவனின் கையில் நைலோன் தூண்டில் இருந்து, அதை அவன் நம் கரையில் அறுத்துப் போட்டிருந்தால், அது அழிந்து முடிந்து இப்போதுதான் சில வருஷங்கள் ஆகியிருக்கும்!

மாலுமியிடம் நைலோன் இருந்திருக்க வழியில்லை. நைலோன் பிறந்ததே 1935இல், டூபொன்ட் நிறுவனத்தில் வோலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுகூடத்தில். அப்படியென்றால் ஒன்றை யோசியுங்கள். அந்த மதிப்பீடு சரியாக இருந்தால், உலகத்தில் முதன்முதலாக அறுந்து தண்ணீரில் விழுந்த நைலோன் தூண்டில் நூல் இன்னும் எங்கோ கிடக்கிறது. அதன் ஆயுளில் ஆறில் ஒரு பங்குகூட முடியவில்லை!

மனிதன் தூண்டில் போடத் தொடங்கியது நேற்றா? ஜப்பானின் ஒகினாவாத் தீவில் ஒரு குகையில் கண்டெடுத்த தூண்டில் முள்ளுக்கு ஏறத்தாழ 23,000 வயது! கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த முள். தவறிக் கடலில் விழுந்தாலும் கடலிலிருந்து வந்தது கடலுக்கே திரும்பும். நம் சங்கப் பாடல்களிலும் தூண்டில் வருகிறது. இத்தனை ஆயிரம் வருஷம் மீன் பிடித்தும் கடலுக்குச் சுமையாகாத ஒரு தொழில், எண்பது தொண்ணூறு வருஷத்துக்குள் எங்கே வந்து நிற்கிறது, தெரியுமா? உலகம் முழுவதும் மீன்பிடிக் கலங்களிலிருந்து கடலில் தொலையும் கருவிகளை 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆயிரங்கால் தூண்டிலின் தாய்க்கயிறு மட்டும் வருஷத்துக்கு 7,39,583 கிலோமீற்றர் தொலைகிறதாம். பூமியைப் பதினெட்டுத் தரம் சுற்றலாம்! அதில் தொங்கும் முட்கள் 1,300 கோடிக்கு மேல்! ஒவ்வொரு வருஷமும்!

இனி நம் கரைக்கு வருவோம். மீன் எங்கே கூடுமோ அங்கேயேதான் குப்பையும் கூடும். ஏன் தெரியுமா?

அனுபவமுள்ள தூண்டில்காரர் கண்ட இடத்தில் முள்ளை இறக்க மாட்டார். நீரோட்டம் பாறையில் மோதி மெல்லச் சுழலும் மடு எங்கே, கால்வாய்த் தண்ணீர் கடலோடு கலக்கும் வாய் எங்கே என்று பார்ப்பார். அங்கேதான் சின்ன உயிர்களும் புழுவும் இறாலும் வந்து ஒதுங்கும். அவற்றைத் தின்னச் சின்ன மீன் வரும். சின்ன மீனைத் தேடிப் பாரையும் கொடுவாவும் வரும். அதே சுழல்தான் மிதந்து வரும் போத்தலையும் பொலித்தீனையும் சுற்றிச் சுற்றி வைத்துக்கொள்கிறது! கிருலப்பனைப் பக்கமிருந்து வரும் கால்வாய் வெள்ளவத்தையில் கடலைத் தொடுகிறது. அடுத்த கால்வாய் தெஹிவளையில். நகரம் எறிந்தது அத்தனையும் மழைத் தண்ணீரோடு இந்த வாய்களால்தான் வெளியே வரும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் கடல் தான் வாங்கியதைத் திருப்பித் தள்ளும். பாறை இடுக்கெல்லாம் செருப்பு, போத்தல் மூடி, பால்மாப் பைக்கற்று!

ஆகவே குப்பையை முதலில் பார்க்கிறவரும் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறவரும் தூண்டில்காரர்தான். ஒரு மாலை, பாறையில் நின்ற ஒரு பெரியவரைக் கண்டேன். தூண்டில் தடியைச் சாத்தி வைத்துவிட்டு, பழைய அரிசிப் பை ஒன்றில் போத்தல்களையும் நூல் சிக்கையும் போட்டுக்கொண்டிருந்தார். “என்ன ஐயா, நீங்கள் ஏன் இதைப் பொறுக்கிறியள்?” என்று கேட்டேன். “இதெல்லாம் கிடந்தால் என்ரை முள் இதிலைதானே தம்பி மாட்டும். முதல் இடத்தைத் துப்புரவாக்கினால்தான் எனக்கு மீன்” என்றார். கால் மணி நேரத்தில் பை பாதி நிறைந்துவிட்டது! அன்றைக்கு அவருக்கு மீன் கிடைத்ததா என்று பார்க்க நான் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

தெஹிவளைக் கால்வாயில் ஒரு மிதவைத் தடுப்பு போட்டார்களே, கவனித்தீர்களா? ஓஷன் ஸ்ட்ரெய்னர் என்று பெயர். கால்வாய்க்குக் குறுக்கே மிதந்து, கடலுக்குப் போகும் குப்பையை வழிமறித்துப் பிடிக்கும். அதை அமைத்தவர்களில் நம் நாட்டு ஆடை நிறுவனமான மாஸ் ஹோல்டிங்ஸும் ஒன்று. அதே நிறுவனம் செய்த இன்னொரு காரியம் தெரியுமா? 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கை கிரிக்கெட் அணி அணிந்த மேற்சட்டை கடற்கரைகளில் சேர்த்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து நெய்தது! அந்தச் சட்டையில் ஒரு கடலாமையின் உருவமும் இருந்தது. கரையில் யாரோ குனிந்து எடுத்த போத்தல், இங்கிலாந்து மைதானத்தில் மாலிங்கவின் தோளில்!

கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஒரு கேள்வி. பக்கத்து ஊருக்கு முகத்துவாரம் என்று ஏன் பெயர்? ஆற்றின் முகம், அதன் வாசல்! சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை கடலில் விழுவது அங்கேதான். வழியிலுள்ள ஊர்களின் குப்பையெல்லாம் ஆற்றோடு இறங்கி வந்து காக்கைதீவுக் கடற்கரையில் ஒதுங்கும். தொண்டர்கள் இன்றைக்குத் துப்புரவாக்கினால் அடுத்த மழைக்கு மறுபடி நிறையும். அப்படியிருந்தும் அவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய அதிசயம்!

பிளாஸ்டிக்கால் இந்தக் கரை கண்ட மிகப் பெரிய அடி எது என்று கேட்டால் மீனவர் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள். எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல்! 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்தபோது தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள். அவற்றில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணி. போத்தலும் வாளியும் செய்ய உருக்கும் மூலப்பொருள். பருப்பளவு கூட இராது. ஒரு மணி 20 மில்லிகிராம் என்று வைத்தால் ஒரு தொன்னுக்கு 5 கோடி மணி. 1,680 தொன்னுக்கு? 8,400 கோடி! உலகம் கண்ட மிகப் பெரிய குறுமணிக் கசிவு இதுதான் என்றது ஐ.நா. நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. கடலுக்குப் போக வேண்டாமென்று மீனவரைத் தடுத்தார்கள். அப்போது கரையைத் துப்புரவாக்க எது உதவியது, தெரியுமா? அரிதட்டு! நம் வீட்டில் மா அரிக்கிறோமே, அதே வேலை. மணலை அரித்து அரித்து மணி மணியாகப் பிரித்தார்கள். வருஷக்கணக்காக அரித்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தது. மணலுக்கடியில் போன மணிகளுக்கு எந்தத் தீர்ப்பும் போதாது.

கடலிலிருந்து மீனோடு குப்பையையும் கொண்டுவாருங்கள் என்று மீனவரிடமே கேட்ட ஊர்கள் உண்டு, தெரியுமா? கேரளத்தின் கொல்லத்தில் 2017இல் ‘சுசித்வ சாகரம்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். முன்பெல்லாம் வலையில் மீனோடு பிளாஸ்டிக் ஏறினால் அதைத் திரும்பக் கடலிலேயே வீசிவிடுவார்கள். திட்டம் வந்த பிறகு படகுக்கு ஒரு பை கொடுத்தார்கள். குப்பையைப் பையில் போட்டுச் சக்திகுளங்கரைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதல் பத்து மாதத்திலேயே ஏறத்தாழ 25 தொன்! அதைக் கழுவிக் காயவைத்துத் துருவித் தாரோடு கலந்து வீதி போட்டார்கள். பிளாஸ்டிக்கைக் கொண்டு வீதி போடும் முறையைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், நம் தமிழர்! 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

சென்னை காசிமேட்டில் கைவிட்ட வலையைக் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கும் திட்டம் வந்தது. தென்கொரியா 2003இலிருந்தே மீனவரிடம் கடற்குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிறது. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமில் கால்வாயில் பிளாஸ்டிக் ‘பிடிக்க’ மக்களைப் படகில் ஏற்றிப் போகிறது பிளாஸ்டிக் வேல் என்ற நிறுவனம். அந்தப் படகே அப்படிப் பிடித்த போத்தல்களில் செய்ததுதான்!

ஈயக்குண்டின் கதை இதைவிட ஆச்சரியம். பிரித்தானியாவில் ஆறுகளிலும் குளங்களிலும் அன்னங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. வயிற்றைத் திறந்து பார்த்தால், தூண்டில்காரர் தவறவிட்ட ஈயக்குண்டு! அன்னம் இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும். கல்லென்று நினைத்து ஈயத்தை விழுங்கியிருக்கிறது. 1987இல் சிறிய ஈயக்குண்டு விற்பதைச் சட்டம் தடுத்தது. அன்னங்களின் தொகை மளமளவென்று ஏறிவிட்டது! ஒரு சின்னக் குண்டை மாற்றியதற்கு இவ்வளவு பலன்!

நம் நாட்டிலும் சட்டம் வந்திருக்கிறது. 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் அல்லாதவை அடைத்த, 20 மில்லிலீற்றரோ அதற்குக் குறைவோ கொள்ளும் சின்னச் சஷே பைக்கற்றுகளுக்குத் தடை. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி எல்லாம் தடைப்பட்டன. அந்தப் பட்டியலில் இன்னும் எது இருந்தது தெரியுமா? பிளாஸ்டிக் இடியாப்பத் தட்டு! பிளாஸ்டிக் பூமாலையும்! பிரம்புத் தட்டில் அவித்த இடியாப்பத்தின் வாசமே தனி என்று சொல்லும் அம்மாமாருக்கு அரசாங்கமே துணை வந்துவிட்டது.

கொழும்பில் மனிதரல்லாத தூண்டில்காரர் ஒருவரும் இருக்கிறார், தெரியுமா? மீன்பிடிப் பூனை! வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு உடம்பு. தண்ணீரில் முங்கி மீன் பிடிக்கும். நகரத்தின் சதுப்பு நிலங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் இரவில் நடமாடுகிறது, கழுத்தில் ஜீ.பி.எஸ். பட்டி கட்டி ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்திருக்கிறார்கள். இத்தனை கட்டடங்களுக்கு நடுவே இப்படியொரு காட்டுவிலங்கு! 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் உலகில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. நாம் கால்வாயில் எறியும் பை இந்தப் பூனையின் சாப்பாட்டுக் கோப்பையில் விழுகிறது.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் புளோரிடாவின் மீன்பிடிப் பாலங்களில் வளைந்த வாயுள்ள பீவீசீ குழாய்களைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அறுந்த நூலைத் தூண்டில்காரர் அதற்குள் போட்டுவிட்டுப் போவார். அப்படிச் சேரும் நூல் என்ன ஆகிறது, தெரியுமா? பேர்க்லி என்ற தூண்டில் நிறுவனம் 1990 முதல் பழைய நூலைச் சேர்த்து உருக்குகிறது. அதில் செய்யும் பொருள்களில் ஒன்று, குளத்தடியில் இறக்கி வைக்கும் மீன் வீடு! மீனைப் பிடித்த நூலே மீன் குடியிருக்கும் வீடாகிவிடுகிறது!

ஒரு பீவீசீ குழாய், ஒரு வளைவு, இரண்டு இரும்புப் பட்டி. ஹார்ட்வெயார் கடையில் எல்லாம் கிடைக்கும். வெள்ளவத்தைப் பாறைப் பக்கம் ஒன்று, காலி முகத்திடலில் ஒன்று, முகத்துவாரத்தில் ஒன்று என்று மாநகர சபையும் சனசமூக நிலையங்களும் பொருத்தலாமே! அதுவரைக்கும், தூண்டில் போடும் அண்ணைமாரே, தம்பிமாரே, இரைப் பெட்டியோடு ஒரு வெறும் போத்தலும் எடுத்துப் போங்கள். அறுந்த தங்கூசியை ஒரு சாணுக்கும் குறைவான துண்டுகளாக நறுக்கி அதற்குள் போட்டு மூடியை இறுக்குங்கள். ஆமையின் கழுத்திலோ கொக்கின் காலிலோ அது இனிச் சுற்றாது. பக்கத்தில் கிடக்கும் இரண்டு பொலித்தீன் பையையும் சேர்த்து எடுத்தால், உங்கள் முள் மாட்டாமல் மீனுக்கு வழி திறக்கும்.