பனிமலை பார்ல பல்ப் வாங்காதீங்க!

பிரான்ஸ்ல படிக்கப் போறீங்களா? லீவுக்கு ஆல்ப்ஸ் மலையில வால் தோரான்ஸ் போவீங்க. 2,300 மீட்டர் உயரத்துல இருக்கிற பனிச்சறுக்கு ஊர். சறுக்கி முடிச்சு, நடுங்கிக்கிட்டே சரிவுல இருக்கிற பாருக்குள்ள நுழைஞ்சா... பில்லைப் பார்த்ததும் வேர்த்துடும்! பனிக்கு நடுவுல வேற கடைக்கு எங்கே போவீங்க? அந்தத் தைரியத்துலதான் விலையை ஏத்துறாங்க. டீயும் சப்புனு இருக்கும். பாவம், மாஸ்டரைத் திட்டாதீங்க. அந்த உயரத்துல தண்ணி சுமார் 92 டிகிரியிலேயே கொதிச்சுடும்.

ஆனா, சட்டம் உங்க பக்கம்! விலைப்பட்டியலை வெளியிலேயே மாட்டியிருக்கணும். படிச்சுட்டு உட்காருங்க. சர்வீஸ் சார்ஜ் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. 2022-லிருந்து, கஸ்டமர் கேட்டா குடிதண்ணி இலவசமாத் தரணும். கூச்சப்படாம கேளுங்க மக்கா, பாக்கெட் மணி மிஞ்சும்!