மக்கு என்னும் பட்டம்

எம் பங்கில் பீடச் சிறுவன் ஒருவன் இருந்தான். திருப்பலியின் பதிலுரைகள் அனைத்தையும் பிழையின்றிச் சொல்வான். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு விளக்குச் சரம் கட்ட அவனை விட்டால் ஆள் கிடையாது. ஒரு ஞாயிறன்று வாசகத் தாளைக் கையில் கொடுத்து அவனை நிறுத்தியபோது, முதல் வரியைத் தாண்ட இயலாமல் வியர்த்து நின்றான். கோவிலில் சிரிப்பொலி எழுந்தது. பின்னர்ச் சில மாதங்கள் அவன் பீடத்தருகே வரவேயில்லை. "சோம்பேறி, சார்! வேண்டுமென்றே படிக்க மறுக்கிறான்" என்றார் அவன் தகப்பனார். பள்ளியில் வழங்கிய பட்டம் வேறு: மக்கு.

இரண்டும் பொய். அறிவிலும், கண் செவிகளிலும் குறையின்றி, எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் மட்டும் தடைப்படும் பிள்ளைகள் உளர். இதனை டிஸ்லெக்ஸியா என்பர். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் இத்தகைய பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினாராம். நூறாண்டு கடந்தும் இச்செய்தி நம் வகுப்பறைகளுக்குள் முழுமையாய் நுழைந்தபாடில்லை.

தமிழில் இத்தொல்லை வராது என்று எண்ணுவோரும் உண்டு. 'கொ' என்று எழுதுகையில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, ஒலியோ நடுவிலுள்ள எழுத்தில் தொடங்குகிறது. லகர, ழகர, ளகரங்கள் வேறு. வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது மற்றொன்று. பிற பிள்ளைகள் எளிதிற் கடக்கும் இவ்விடங்களில் இவன் நாள்தோறும் இடறுகிறான்.

இக்குறை பிறவியோடு வருவது. பல குடும்பங்களில் வழிவழியாகத் தொடர்வதும் உண்டு. வீடோ பள்ளியோ அதை உண்டாக்குவதில்லை. ஆனால் அதன்மேல் அச்சத்தையும் அவமானத்தையும் ஏற்றி வைப்பவை இவ்விரண்டுமே. குடும்பச் செபமாலை முடிந்த கையோடு தகப்பன் பிரம்பை எடுக்கிறார். தாய் மதிப்பெண் அட்டையை ஒளிக்கிறாள். "உன் அக்காளைப் பார்!" என்கிறார் ஒருவர், "எல்லாம் உங்கள் வீட்டு வழி" என்கிறார் மற்றவர். பையன் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். அது நடிப்பன்று, உண்மையிலேயே வலிக்கிறது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் தாயை நான் குறை கூறேன். நேர்ச்சையோடு நிபுணரிடமும் அழைத்துச் சென்றால் ஆண்டுகள் வீணாகா.

பள்ளிகளைப் பற்றி எழுதவே மனம் கூசுகிறது. நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாயிலில் பலகை மாட்டும் ஆவலில், ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்பும் பள்ளிகள் நம்மிடையேயும் உண்டு. புனிதர் பெயர் தாங்கிய பள்ளியே இதைச் செய்கையில் நெஞ்சு சுடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறையையும் பட்டியலிற் சேர்த்துள்ளது. உரிய சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். 1991-இல் சென்னையில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது.

புனித ஜான் மரிய வியான்னியும் இலத்தீன் பாடத்தில் திணறியவரே. அவருக்கு இருந்தது இக்குறைதான் என்று நான் சாதிக்க வரவில்லை. குருமடம் அவரைத் திருப்பி அனுப்பியபோது, பாலே என்னும் பங்குத்தந்தை தம் இல்லத்திலேயே வைத்து மீண்டும் கற்பித்தார்; அவருடைய தாய்மொழியான பிரெஞ்சில் தேர்வு நடந்தது. 1815-இல் குருப்பட்டம் பெற்ற அவரைத்தான் 1929-இல் திருச்சபை பங்குக்குருக்களின் பாதுகாவலராக அறிவித்தது.

எம் பங்குச் சிறுவனுக்கு ஓர் அருட்சகோதரி வாய்த்தார். மணலில் விரலால் எழுத்தை எழுதவும், எழுதும்போதே ஒலியை உரக்கச் சொல்லவும் பழக்கினார். இரவில் தகப்பனார் பாடத்தை வாசித்துக் காட்டலானார். சென்ற தவக்காலத்தில் சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தை அவன் வாசித்தான். முந்தின வாரமே தாளை வாங்கிச் சென்றிருந்தான். இரண்டு இடங்களில் நின்று, எழுத்துக் கூட்டிச் சொன்னான். தகப்பனார் தலைகுனிந்தபடி என் பக்கத்தில் நின்றிருந்தார்.