‘த்ரில்லர்’ ஆல்பத்துக்குப் பின்னால் இருந்தவர் யார், தெரியுமா?

‘த்ரில்லர்’ என்றதும் மைக்கேல் ஜாக்சன் நினைவுக்கு வருவார். டாக் ஷோ என்றதும் ஓப்ரா வின்ஃப்ரே! ஹாலிவுட் ஸ்டார் என்றதும் வில் ஸ்மித்! இந்த மூன்று பேரின் வாழ்க்கையிலும் திருப்புமுனையாக வந்தவர் ஒரே ஆள்தான் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் குவின்சி ஜோன்ஸ். 1933 மார்ச் 14 அன்று சிகாகோவில் பிறந்தார். 2024 நவம்பர் 3 அன்று, 91 வயதில் மறைந்தார். ட்ரம்பெட் வாசித்தார், இசையமைத்தார், ஆல்பம் தயாரித்தார், சினிமா தயாரித்தார், டி.வி. தொடர் தயாரித்தார், பத்திரிகையும் தொடங்கினார்! போன இடமெல்லாம் கறுப்பினக் கலைஞர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போனதுதான் அவருடைய பெரிய சாதனை. அந்த அதிசயங்களைப் படியுங்கள்!

தின்பண்டம் திருடப் போனவருக்குக் கிடைத்தது பியானோ!

குவின்சியின் தந்தை ஒரு தச்சர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் ஊரில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். தாய் மனநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில். கேட்க ஆளில்லாத பையன்!

குவின்சிக்கு அப்போது 11 வயது. ஊர்ப் பொழுதுபோக்கு மையத்தில் எலுமிச்சை ‘பை’ (pie) இனிப்பும் ஐஸ்கிரீமும் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்வி. விடுவார்களா பையன்கள்? உள்ளே புகுந்து ஒரு கை பார்த்தார்கள்! பிறகு குவின்சி மட்டும் ஒவ்வோர் அறையாக நோட்டம் விட்டார். ஓர் அறையில் சின்னதாக ஒரு பியானோ. கதவைச் சாத்திவிட்டு நகரப் பார்த்தவர், என்ன தோன்றியதோ, திரும்பி வந்து கட்டைகளை அழுத்தினார். அவ்வளவுதான்! வாழ்க்கை முழுக்க இதுதான் என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டதாகக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்!

பதின்ம வயதில் கிடைத்த நண்பர் யார், தெரியுமா?

சியாட்டிலில் ஒரு பையன் பழக்கமானான். பார்வை கிடையாது. ஆனால், பியானோவில் உட்கார்ந்தால் ஊரே நின்று கேட்கும்! அந்தப் பையன்தான் பின்னாளில் உலகமே கொண்டாடிய ரே சார்ல்ஸ்!

இந்த நட்பு எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1967-ல் குவின்சி இசையமைத்த ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தின் தலைப்புப் பாடலைப் பாடியவர் ரே சார்ல்ஸ். 1985-ல் ‘வீ ஆர் தி வேர்ல்ட்’ பாடலிலும் அவர் குரல். 1989-ல் குவின்சியின் சொந்த ஆல்பத்திலும் அவர் குரல். சியாட்டில் நண்பனை அவர் விடவே இல்லை!

வயலினுக்கு இசை எழுதக்கூடத் தடையா?

ஆமாம்! 1950-களின் நியூயார்க்கில் கறுப்பின இசைக்கலைஞர்களுக்கு ஜாஸ் வேலை கிடைக்கும். வயலின், செல்லோ என்று தந்தி வாத்தியங்களுக்கு எழுதும் வேலையை மட்டும் தரமாட்டார்கள் என்று குவின்சி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் என்ன செய்தார்? 1957-ல் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார்! அங்கே ஒரு ரெக்கார்டு கம்பெனியில் வேலை. கூடவே நாடியா பூலாஞ்ஷேயிடம் பாடம். யார் இந்த அம்மையார்? ஏரன் கோப்லண்ட், ஆஸ்டர் பியாசோலா போன்ற மேதைகளுக்கெல்லாம் குரு! உள்ளூரில் சாத்திய கதவைக் கடல் கடந்து போய்த் திறந்துகொண்டவர் குவின்சி!

18 பேர் இசைக்குழுவில் இரண்டு பெண்கள்!

1959-ல் ‘ஃப்ரீ அண்ட் ஈஸி’ என்ற இசை நாடகத்துக்காக ஒரு பெரிய இசைக்குழுவோடு ஐரோப்பா போனார். அந்தக் காலத்து ஜாஸ் குழு என்றால் முழுக்க ஆண்கள் ராஜ்ஜியம். குவின்சி யாரைச் சேர்த்தார் தெரியுமா? டிராம்போனுக்கு மெல்பா லிஸ்டன், பியானோவுக்கு பட்டி பவுன். இரண்டு பேருமே கறுப்பினப் பெண்கள்!

1960-ன் தொடக்கத்திலேயே நாடகம் பாரிஸில் படுத்துவிட்டது. ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால், குழுவைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கில் ஊர் ஊராகக் கச்சேரி நடத்திக் குழுவையும் அவர்கள் குடும்பங்களையும் காப்பாற்றினார். கழுத்து வரை கடன்! அதை அடைக்கத்தான் மெர்குரி ரெக்கார்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 1964-ல் அதே நிறுவனத்தில் துணைத் தலைவர்! அமெரிக்காவின் பெரிய ரெக்கார்டு கம்பெனிகளில் ஒரு கறுப்பினத்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை!

‘இவர் எதற்கு?’ என்றவருக்கு ஆஸ்கர் பதில்!

‘இன் கோல்ட் பிளட்’ படத்துக்குக் குவின்சி இசையமைப்பது, மூல நூலை எழுதிய ட்ரூமன் கபோட்டிக்குப் பிடிக்கவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர் எதற்கு என்று கேட்டாராம்! இயக்குநர் ரிச்சர்ட் புரூக்ஸ் அசையவில்லை. குவின்சிதான் என்று உறுதியாக நின்றார்.

என்ன நடந்தது? படத்தின் இசை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது! அதே ஆண்டு ‘பேனிங்’ படப் பாடலுக்கும் பரிந்துரை! சிறந்த பாடல் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்க இசையமைப்பாளர் இவர்தான். பிறகு கபோட்டி அழுதபடியே மன்னிப்புக் கேட்டதாகக் குவின்சியே சொல்லியிருக்கிறார். 1971-ல் ஆஸ்கர் விழாவுக்கே இசை இயக்குநர்! அந்தப் பொறுப்பிலும் இவரே முதல் கறுப்பினத்தவர்!

தன் அஞ்சலிக் கூட்டத்துக்குத் தானே போனவர்!

1974-ல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. வயது 41தான்! பிழைக்கமாட்டார் என்று நினைத்த நண்பர்கள் அஞ்சலி நிகழ்ச்சிக்கே ஏற்பாடு செய்துவிட்டார்கள். இவரோ பிழைத்துக்கொண்டார்! நிகழ்ச்சியை ரத்து செய்தார்களா? இல்லை, நடத்தினார்கள்! மார்வின் கே, சாரா வான், சிட்னி பாய்ட்டியர் எல்லாம் மேடையில். குவின்சி பார்வையாளர் வரிசையில், பக்கத்திலேயே நரம்பியல் டாக்டர்! உணர்ச்சிவசப்படவே கூடாது என்று கண்டிப்பு வேறு!

இரண்டு அறுவை சிகிச்சைகள். இனி ட்ரம்பெட் ஊதக்கூடாது என்றார்கள் மருத்துவர்கள். வாத்தியம் போனது. ஆனால், அவருடைய மிகப்பெரிய வெற்றிகளெல்லாம் இதற்குப் பிறகுதான் வந்தன!

வீட்டு ஹாலில் ஒலித்த ஆப்பிரிக்கக் குரல்

1977-ல் அமெரிக்காவையே டி.வி. முன் உட்காரவைத்த தொடர் ‘ரூட்ஸ்’. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்டு அடிமையாக்கப்பட்ட ஒருவரின் குடும்பத் தலைமுறைக் கதை. அதன் இசையில் குவின்சி யாருடைய குரலைச் சேர்த்தார் தெரியுமா? நிறவெறி ஆட்சியால் தாய்நாட்டை விட்டு வெளியேறிய தென்னாப்பிரிக்கப் பாடகி லெட்டா ம்புலு! அந்த இசைக்காகக் குவின்சிக்கு எம்மி விருது கிடைத்தது.

50 டாலர் பாடகருக்கு கிராமி!

ஜேம்ஸ் இங்கிராம் என்று ஒருவர். பாடலாசிரியர்களுக்கு மாதிரிப் பாட்டுப் பாடிக் கொடுப்பார். ஒரு பாட்டுக்குக் கூலி 50 டாலர்! அப்படிப் பாடிய ஒரு டேப் குவின்சியின் காதில் விழுந்தது. பாட்டை விடுங்கள், இந்தக் குரல் யாருடையது என்று தேடிப் பிடித்தார்! 1981-ல் தன் ‘தி டூட்’ ஆல்பத்தில் பாடவைத்தார். அடுத்த ஆண்டே இங்கிராமுக்கு கிராமி! அப்போது அவர் பெயரில் ஓர் ஆல்பம்கூட வெளிவந்திருக்கவில்லை என்றால் பாருங்களேன்!

‘இவர் வெறும் ஜாஸ்காரர்’ என்றார்களே!

1978-ல் வெளிவந்த ‘தி விஸ்’ படத்தின் படப்பிடிப்பின்போது மைக்கேல் ஜாக்சனோடு நெருக்கம். அடுத்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் யார்? குவின்சி ஜாஸ்காரர் ஆயிற்றே, சரிப்படுமா என்று ரெக்கார்டு கம்பெனியில் இழுத்தார்கள். மைக்கேல் பிடிவாதமாக நின்றார். 1979-ல் ‘ஆஃப் தி வால்’, 1982-ல் ‘த்ரில்லர்’, 1987-ல் ‘பேட்’! மூன்றும் மூன்று வரலாறு!

‘த்ரில்லர்’ பில்போர்டு பட்டியலில் எத்தனை வாரம் முதலிடம்? 37 வாரங்கள்! 1984-ல் ஒரே இரவில் மைக்கேல் அள்ளிய கிராமி எத்தனை? 8! ‘பில்லி ஜீன்’ பாடலை ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் எத்தனை முறை மிக்ஸ் செய்தார்? 91 முறை! கடைசியில் தேர்வானது எது? 2-வது மிக்ஸ்! கறுப்பினக் கலைஞர்களைக் கண்டுகொள்வதே இல்லை என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த எம்.டி.வி., 1983-ல் அந்தப் பாடலைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது!

தரையில் ஒட்டிய பெயர்கள்!

1985 ஜனவரி 28, இரவு. ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டூடியோ. ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காக ஒரு பாட்டு. யோசனை ஹாரி பெலஃபோன்டேயுடையது. எழுதியவர்கள் மைக்கேல் ஜாக்சன், லயனல் ரிச்சி. 40-க்கும் மேற்பட்ட சூப்பர் ஸ்டார்கள் ஒரே அறையில்! யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது? சண்டை வராதா?

குவின்சி என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொருவர் பெயரையும் டேப்பில் எழுதி, அவரவர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒட்டிவிட்டார்! பெயரைப் பார், இடத்தில் நில், பேச்சே இல்லை! ‘நான்’ என்ற நினைப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லி ஓர் அறிவிப்பு வேறு! பாப் டிலன் தன் வரியைப் பாடத் தயங்கி நின்றார். ஸ்டீவி வொண்டர் பியானோவில் உட்கார்ந்து, டிலனைப் போலவே பாடிக் காட்டித் தைரியம் கொடுத்தார்!

விடிய விடியப் பதிவு. ‘வீ ஆர் தி வேர்ல்ட்’ விற்றது 2 கோடிக்கும் மேல். திரண்ட நிதி 6 கோடி டாலருக்கும் மேல். கிராமி 4! இன்னொன்று தெரியுமா? 2010-ல் ஹெய்ட்டி பூகம்ப நிவாரணத்துக்காக அதே ஸ்டூடியோவில் அதே பாடலை மீண்டும் பதிவு செய்தார்கள். அந்தக் கோரஸில் நின்று பாடியவர்களில் நம்ம ஏ.ஆர்.ரஹ்மானும் ஒருவர்!

ஹோட்டல் டி.வி.யில் கண்டெடுத்த ஓப்ரா!

ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ நாவலைப் படமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். சிகாகோவுக்கு வந்த குவின்சி ஹோட்டல் அறையில் டி.வி.யைப் போட்டார். உள்ளூர்க் காலை நிகழ்ச்சி. தொகுத்து வழங்கிய பெண்ணைப் பார்த்தார். நாவலில் வரும் சோபியா இவர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்! அந்தப் பெண்தான் ஓப்ரா வின்ஃப்ரே! அதற்கு முன் சினிமாவில் நடித்ததே கிடையாது. அவருடைய நிகழ்ச்சி நாடு முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியது 1986-ல்தான்!

படத்துக்கு 11 ஆஸ்கர் பரிந்துரைகள். ஓப்ராவுக்கும் ஊப்பி கோல்ட்பர்குக்கும் பரிந்துரை. சிறந்த படம் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினத் தயாரிப்பாளர் குவின்சி. கிடைத்த விருது? பூஜ்ஜியம்! ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. அதே கதை பிராட்வே இசை நாடகமாகி, அதன் மறு அரங்கேற்றம் 2016-ல் டோனி விருது வென்றது. தயாரிப்பாளர்களில் குவின்சியும் ஒருவர். அதில் சிறந்த நடிகை விருது பெற்ற சிந்தியா எரிவோ, நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர்!

பிறந்தநாள் பார்ட்டியில் ஆடிஷன்!

1990 மார்ச் 14. குவின்சி வீட்டில் பிறந்தநாள் விருந்து. அங்கே வந்த 21 வயது ராப் பாடகர் வில் ஸ்மித்துக்கு நடிப்பு அனுபவம் அவ்வளவாகக் கிடையாது. பையில் காசும் கிடையாது, வரி பாக்கி தலைக்கு மேல்! என்.பி.சி. டி.வி. தலைமை ஆட்கள் அதே விருந்தில் இருந்தார்கள்.

குவின்சி என்ன செய்தார்? ஹாலில் இருந்த சோபா, நாற்காலிகளை ஓரம் கட்டச் சொன்னார். கையில் ஒரு ஸ்கிரிப்டைத் திணித்து, இப்போதே நடித்துக் காட்டு என்றார்! ஒரு வாரம் அவகாசம் கேட்டார் வில். முடியாது, 10 நிமிடம்தான்! நடித்து முடித்ததும் அங்கேயே ஒப்பந்தப் பேச்சு! அதே ஆண்டு செப்டம்பரில் ‘தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல் ஏர்’ தொடங்கி, 6 சீசன், 148 எபிசோடுகள் ஓடியது!

12 வயதுச் சிறுவனும் ஜாஸ் மகாராணிகளும் ஒரே ஆல்பத்தில்!

1989-ல் வந்த ‘பேக் ஆன் தி பிளாக்’ ஆல்பத்தில் யார் யார் தெரியுமா? எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான், டிஸ்ஸி கில்லெஸ்பி, மைல்ஸ் டேவிஸ்... கூடவே ராப் பாடகர் ஐஸ்-டி, 12 வயது டெவின் கேம்பெல்! ராப் எல்லாம் இசையா என்று பலர் முகம் சுளித்த காலத்தில், தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார் குவின்சி! ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி இதற்குத்தான்!

1993-ல் ஹிப்-ஹாப், ஆர் அண்ட் பி இசைக்காகவே ‘வைப்’ என்ற பத்திரிகையையும் தொடங்கினார்!

பழசைத் தொடாத மைல்ஸையும் மசிய வைத்தார்!

பழைய இசையைத் திரும்ப வாசிக்கவே மாட்டேன் என்பது மைல்ஸ் டேவிஸின் பிடிவாதம். 1991 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ விழாவில் அவரையே பழைய இசையை வாசிக்கவைத்தார் குவின்சி! அதே ஆண்டு செப்டம்பரில் மைல்ஸ் மறைந்தார். குவின்சி விட்டிருந்தால் அந்த இசையை மைல்ஸ் மேடையில் மறுபடி வாசித்தே இருக்கமாட்டார்!

கடைசியாக, எண்ணிக்கையைப் பாருங்கள்!

கிராமி பரிந்துரைகள் 80! வென்றவை 28! அந்த 28-வது கிராமி எதற்கு? மகள் ரஷீதா ஜோன்ஸ் இணைந்து இயக்கி, 2018-ல் வந்த ‘குவின்சி’ ஆவணப்படத்துக்கு! 2024 நவம்பரில் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்குவதாக அறிவித்திருந்தார்கள். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு அவர் மறைந்துவிட, அவருக்காக மேடையேறியவரும் அதே மகள்தான்!

ஆனால், அவருடைய நிஜமான கணக்கு இந்த விருதுகளில் இல்லை. ஓப்ரா, வில், இங்கிராம், டெவின் என்று நீளும் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது! திறமையோடு ஒருவர் கண்ணில் பட்டால் ‘நாளைக்கு வா’ என்று அவர் சொன்னதே இல்லை. உங்கள் கண்ணில் பட்ட அப்படி ஒரு திறமைசாலி யார்? அவருக்கு 10 நிமிடம் கொடுத்துப் பாருங்களேன்!