ஸ்டேஷன் பலகையில் ஓர் இங்கிலீஷ் பாடம்

செம்பாக்கத்திலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய புதல்வன் கூடத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷ் வார்த்தைகளை உருப்போட்டுக் கொண்டிருந்தான். நாளைக்கு இருபது வார்த்தை வீதம் ஆறு நாள் நெட்டுருச் செய்து, ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபதையும் ஒப்பிக்க வேண்டும் என்பது தகப்பனாரின் உத்தரவு.

"திங்கட்கிழமை எத்தனை ஞாபகமிருக்கும், தம்பி?" என்று கேட்டோம்.

"பத்து தேறும், மாமா" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனால் நாலு பேர் முன்னால் பேசும்போது அந்தப் பத்தும் வருவதில்லை" என்றான்.

இது அந்தப் பையன் ஒருவனுடைய குறையன்று. நன்றாகப் படித்த நம் பிள்ளைகள், உத்தியோகப் பேட்டியில் நாக்குத் தழுதழுத்து நிற்பதைப் பார்க்கிறோம். அவர்கள் கற்ற வார்த்தைகள் ஊரும் பேரும் தெரியாத அந்நியர்களாக மனத்தில் நிற்கின்றன. வேண்டும்போது அவற்றை எப்படிக் கூப்பிடுவது? ஒரு சொல்லின் குலம் கோத்திரத்தை அறிந்து கொண்டால், அது தன் சுற்றத்தாரையும் கூடவே அழைத்து வரும்.

மறுநாள் காலை நாம் சென்னைக்குப் புறப்பட்டபோது, பையனையும் உடன் அழைத்துக் கொண்டோம். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனின் பெயர்ப் பலகையே முதல் பாடமாயிற்று.

1928-ஆம் ஆண்டில் டாக்டர் சவுரி முத்து இங்கே க்ஷயரோகிகளுக்காக ஓர் ஆரோக்கிய நிலையம் நிறுவினார். ஸ்டேஷனுக்குப் பெயர் வந்தது அதனால்தான். லத்தீன் பாஷையில் 'ஸானஸ்' என்றால் ஆரோக்கியமுள்ள என்று பொருள். சுகப்படுத்தும் இடம் 'சானடோரியம்'. சுகாதார ஏற்பாடு 'ஸானிடேஷன்'. மனம் ஆரோக்கியமாயிருப்பவன் 'ஸேன்'. புத்தி பேதலித்தவன் 'இன்ஸேன்'. ஒரு வேரைப் பிடித்ததும் நாலு கிளைகள் கைக்கு வந்து விட்டன!

'ஸ்டேஷன்' என்பதற்கும் லத்தீனே மூலம். 'நிற்றல்' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது. அசையாமல் நிற்பது 'ஸ்டேஷனரி'. காகிதம், பேனா முதலியவற்றுக்கும் 'ஸ்டேஷனரி' என்று பெயர் வருவானேன்? முற்காலத்து ஐரோப்பாவில் ஊர் ஊராய்த் திரிந்து விற்றவர்களினின்றும் வேறாக, ஓரிடத்தில் நிலையாய்க் கடை வைத்தவனை 'ஸ்டேஷனர்' என்றார்கள். புத்தகமும் காகிதமும் விற்றவர்களுக்கே அப்பெயர் நிலைத்தது. ஒலி ஒன்றானாலும் எழுத்தில் பேதமுண்டு. நிற்பதற்கு 'ஏ', காகித சாமானுக்கு, 'என்வலப்' என்னும் உறையின் முதலெழுத்தான 'ஈ'. இதை ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான்.

அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. பாதி கிரேக்கம், பாதி தமிழ்! 'குரோமா' என்றால் கிரேக்கத்தில் நிறம். 1797-இல் வோக்லன் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு புதிய உலோகத்தைக் கண்டார். அதன் கூட்டுப் பொருள்கள் பல நிறங்களில் விளங்கியதால் 'குரோமியம்' என்று பெயரிட்டனர். மரகதத்தின் பசுமையும் மாணிக்கத்தின் சிவப்பும் அதனால் உண்டாவனவே. நம் நாட்டார் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டு வந்தனர். குரோமிய உப்பினால் பதனிடும் முறை பின்னர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறையில் இங்கே நடந்த குரோம் தோல் தொழிற்சாலையினால் ஊருக்குப் பெயர் ஏற்பட்டது. சாயத்தை உறிஞ்சி நிறங்காட்டும் நுண்ணுறுப்புக்குக் 'குரோமோசோம்' என்று பெயர் வந்ததன் காரணத்தைப் பையன் தானாகவே சொல்லி விட்டான். "நிறமுள்ள உடல்! இதைத்தானே பயாலஜியில் உருப்போட்டேன்!"

வண்டியில் எதிரே அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் ஹோட்டலில் சாப்பிட்டதைத் தம் தோழரிடம் சொல்லிக் கொண்டிருந்தார். ஹாஸ்டல், ஹோட்டல், ஹாஸ்பிடல் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். விருந்தினன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லே அவற்றின் தாய். ஆனால் தங்க அறையுள்ள இடந்தான் இங்கிலீஷில் 'ஹோட்டல்'. சாப்பாடு மட்டும் போட்டால் 'ரெஸ்டாரண்ட்'. நம் ஊரில் இட்டிலிக் கடையும் ஹோட்டல்தான். சென்னையில் இது வழக்காகி விட்டது. லண்டனில் இப்படிக் கேட்டால், படுக்கை அறைக்கு வாடகை சொல்வார்கள்!

ஆகவே மூலம் மட்டும் தெரிந்தால் போதாது. பிரயோகமும் தெரிய வேண்டும். 'நாற்றம்' முன்பு நறுமணத்தையும் குறித்தது. இன்று அவ்வாறு சொன்னால் விருந்தாளி கோபித்துக் கொள்வார். இங்கிலீஷில் 'நைஸ்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'அறியாதவன்' என்று பொருள். இன்று அதைக் கேட்டு மகிழாதார் யார்? மூலம் ஞாபகத்துக்குத் துணை. தீர்ப்புச் சொல்வது வழக்கேயாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் பெரிய கடனாளி. 'கட்டமரான்' நம் கட்டுமரம். 'ஷெரூட்' நம் சுருட்டு. 'மல்லிகடானி' நம் மிளகுத்தண்ணீர். அதற்காகக் கண்டதையெல்லாம் நமதென்று பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பணப்பெட்டி என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கீழ்நாட்டுச் சிறு நாணயங்களுக்கு வெள்ளையர் வழங்கிய 'கேஷ்' என்ற பெயரே நம் காசு. எழுத்தும் ஒலியும் ஒன்று, வமிசம் வேறு. இத்தனை தேசத்தாரிடம் கடன் வாங்கிப் பிழைக்கும் ஒரு பாஷையின் முன் நாம் கூனிக் குறுகி நிற்பானேன்? கொடுத்தவர்களில் நாமும் சேர்த்தி. நிமிர்ந்து நின்றே கற்கலாம்.

மாலையில் திரும்பும்போது பையன் வெகு நேரம் மௌனமாயிருந்தான். பிறகு, "மாமா, செம்பாக்கம் என்பதில் 'பாக்கம்' என்றால் என்ன?" என்று கேட்டான்.

நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பாக்கம் என்பது பழந்தமிழ்ப் பெயர் என்றோம். பிறந்தது முதல் அந்த ஊரிலேயே இருப்பவன், அன்றுதான் முதன் முதலாக அதைக் கேட்டான். இங்கிலீஷ் வேரைத் தேடப் போனவன் தமிழ் வேரையும் கண்டு கொண்டான்.

தகப்பனாரிடம் ஒரு சிபாரிசு செய்து விட்டு வந்தோம்: நாளைக்கு இருபது வேண்டாம், ஒரு வேர் போதும்.