அம்மாவின் படிப்பும் பிரிந்துபோன அப்பாவும்

கிராமத்தில் கணவனும் மனைவியும் பிரிய கோர்ட் தேவைப்படுவதில்லை. பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். பேச்சு எடுபடாவிட்டால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்து ஆகாமலே பிரிந்து வாழ்பவர்கள் கிட்டத்தட்ட அதைப்போல் மூன்று மடங்கு.

அந்தப் பிள்ளை என்ன ஆகும்? அமெரிக்காவில் பால் அமாட்டோவும் புரூஸ் கீத்தும் 1991இல் 92 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பிலும் மனநலத்திலும் பின்தங்கியிருந்தது உண்மைதான். ஆனால் வித்தியாசம் ஊர் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. பிரிவைவிட, பெற்றோரின் ஓயாத சண்டையே பிள்ளையை அதிகம் வாட்டியது.

பெற்றோர் படித்தவர்களாக இருந்தால் பிள்ளை தப்பித்துவிடும் என்றுதான் நினைப்போம். பெர்னார்டி, ராட்ல் என்ற ஆய்வாளர்கள் 2014இல் 14 நாடுகளின் தரவுகளை அலசியபோது வேறு விதமாக வந்தது. பெற்றோர் பிரிந்தால், பிள்ளை பட்டம் பெறும் வாய்ப்பு சராசரியாக 7 சதவீதப் புள்ளி குறைந்தது. அந்தச் சரிவு படித்த பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் கூடுதல். யோசித்தால் இதில் புதிர் ஒன்றுமில்லை. படித்த அப்பா வீட்டை விட்டுப் போகும்போது அவருடைய சம்பளமும், கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாலை நேரமும் கூடவே போகின்றன. ஏற்கெனவே எதுவும் தராத அப்பா போனால் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

அம்மாவின் படிப்போ பெரும்பாலும் பிள்ளையோடுதான் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் மட்டும் காப்பாற்றாது என்பது என் எண்ணம். புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் நடவுக்குப் போகும் அம்மாவுக்கும், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் வாங்கும் அம்மாவுக்கும் உள்ள வித்தியாசம், அடுத்த மாதம் கையில் பணம் வருமா என்பதுதான். பி.ஏ. முடித்ததும் கல்யாணமாகி, ஒருநாளும் வேலைக்குப் போகாதவளின் பட்டம் பீரோவில் கிடந்து என்ன பயன்? அதே படிப்பு விண்ணப்பம் எழுதவும், தலைமையாசிரியரிடம் நேரே போய்ப் பேசவும், பிள்ளை முன்னால் அப்பனைத் திட்டாமல் இருக்கவும் உதவினால் அதற்கு மதிப்பே வேறு. அந்த வெளிநாட்டுக் கணக்குகளில் அதிகம் இடம்பெறாத, அம்மாவின் அம்மாவான ஆயாவையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வில்லியனூரில் அம்மா வேலைக்குப் போக முடிவதே, பிள்ளைக்குச் சோறு போட ஆயா இருப்பதால்தான்.

படிக்காத அம்மாவுக்கு இரண்டு சட்டங்கள் தெரிந்திருந்தால் போதும், பாதிச் சுமை குறையும். அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு டி.சி. வரத் தாமதமாகிறது என்று சொல்லி, எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஜீவனாம்ச வழக்குக்கு, எந்தப் பெண்ணும் வருமானச் சான்று இல்லாமலே சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். உங்கள் தெருவில் அப்படி ஒரு அம்மா இருந்தால், இந்த இரண்டையும் அவரிடம் சொல்லுங்கள்.