பட்ட காலிலேயே ஏன் படுகிறது?

1891 அக்டோபர் 28 அன்று ஜப்பானின் நோபி சமவெளியைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று உலுக்கியது. 7,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மாதக்கணக்கில் நிலம் அடங்கவில்லை. அந்தப் பின்னதிர்வுகளின் எண்ணிக்கையை ஆராய்ந்த நிலநடுக்கவியலாளர் ஃபுசாகிச்சி ஓமோரி, 1894இல் ஓர் எளிய விதியை முன்வைத்தார்: பின்னதிர்வுகள் கடந்த காலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகின்றன. முதல் நாளில் 100 அதிர்வுகள் என்றால், பத்தாம் நாளில் சுமார் 10, நூறாம் நாளில் 1. நாளுக்கு நாள் பாதியாகக் குறைந்திருந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் ஓய்ந்திருக்கும். ஓமோரியின் விதியில் தொடக்கம் வேகமாகச் சரிகிறது. முடிவோ இழுத்துக்கொண்டே போகிறது. நெடுங்கால அமைதி, திடீரென்று ஒரு கொத்து, மீண்டும் அமைதி என்னும் இந்தப் போக்கை நரம்பணுக்களின் துடிப்பிலும், சூரியப் பரப்பின் வெடிப்புகளிலும், நாம் அனுப்பும் மின்னஞ்சல்களிலும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பட்ட காலிலே படும் என்ற பழமொழிக்கு அறிவியல் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதற்கு முன் தாண்ட வேண்டிய தடைகள் சில உண்டு.

முதல் தடை, தற்செயலே கொத்தாகத்தான் விழும் என்பது. இரண்டாம் உலகப் போரில் தெற்கு லண்டனில் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் சில இடங்களையே குறிவைத்து விழுவதாகப் பலர் நம்பினர். ஆர். டி. கிளார்க் என்பவர் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை 576 கட்டங்களாகப் பிரித்து, அவற்றில் விழுந்த 537 குண்டுகளைக் கணக்கிட்டு 1946இல் வெளியிட்டார். 229 கட்டங்களில் ஒரு குண்டும் விழவில்லை. எந்தக் குறியும் இல்லாமல் கண்டபடி விழுந்தால் எத்தனை கட்டங்கள் தப்பும் என்று பாய்ஸோன் சூத்திரத்தைக் கேட்டால், சுமார் 227 என்கிறது. ஆக, கண்ணுக்குத் தெரிந்த கொத்துகளுக்குப் பின்னால் எந்தச் சூழ்ச்சியும் இல்லை. இந்த எச்சரிக்கை முக்கியமானது. அதே சமயம், நமக்கு வேண்டிய அளவுகோலையும் இதுவே தருகிறது: தற்செயலால் எவ்வளவு கொத்து உருவாகும் என்பது தெரிந்துவிட்டால், அதற்கு மேல் இருப்பதைத் தனியே பிரித்தெடுக்கலாம். 2008இல் இயற்பியலாளர்கள் கோ, பராபாசி ஆகிய இருவரும் இதற்கென ஓர் எண்ணை வகுத்தனர். கடிகாரம்போல் ஒழுங்காக நிகழ்வது -1. முழுத் தற்செயல் 0. கொத்து கூடக்கூட மதிப்பு 1ஐ நெருங்கும். நிலநடுக்கங்களும் மின்னஞ்சல்களும் பூஜ்யத்துக்கு மேலேயே நிற்கின்றன.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? தற்செயலுக்கு நினைவு கிடையாது. நேற்று நடந்தது இன்றைய வாய்ப்பை மாற்றாது. கொத்தாக நிகழும் அமைப்புகளில் மாற்றும். நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்து அழுத்தத்தைச் சேர்க்கின்றன. ஒரு பிளவு நழுவியதும் அதன் சுமை பக்கத்துப் பாறைகள் மேல் ஏறி, அவற்றையும் நழுவும் விளிம்புக்குத் தள்ளுகிறது. மனிதர்கள் விஷயத்தில் பராபாசி 2005இல் வேறொரு விளக்கம் தந்தார். நாம் வேலைகளை வந்த வரிசையில் செய்வதில்லை. அவசரமானதை முன்னால் இழுக்கிறோம். அதனால் அவசரமானவை உடனுக்குடன் முடிகின்றன, மற்றவை கிடப்பில் கிடக்கின்றன. டார்வினும் ஐன்ஸ்டைனும் பாதிக்கு மேற்பட்ட கடிதங்களுக்குப் பத்து நாளுக்குள் பதில் எழுதினர். சிலவற்றுக்கு மாதங்கள், ஆண்டுகள்கூட ஆயின.

இரண்டாம் தடை, பராபாசியின் விளக்கத்துக்கு வந்த வலுவான மறுப்பு. மால்ம்கிரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் 2008இல், முன்னுரிமை எல்லாம் தேவையில்லை, இரவு தூங்குகிறோம், வார இறுதியில் ஓய்கிறோம், உட்கார்ந்தால் ஒரே மூச்சில் பல மின்னஞ்சல்களை அனுப்புகிறோம், அந்தக் கொத்துகளுக்கு இதுவே போதும் என்று வாதிட்டனர். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2012இல் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கைபேசி அழைப்புப் பதிவுகளிலிருந்து நாள், வாரச் சுழற்சியின் விளைவைக் கணக்கில் கழித்துப் பார்த்தபோதும் கொத்துகள் கரைந்துவிடவில்லை. இந்த விவாதம் உணர்த்துவது ஒன்றுதான்: வளைகோடு ஒத்திருப்பதால் காரணமும் ஒன்றே என்று ஆகாது. பாறையின் அழுத்தத்தையும் மனிதரின் அவசரத்தையும் ஒரே விதிக்குள் அடக்கும் ஆசை கவர்ச்சியானது. சான்று அதற்கு இடம் தரவில்லை. ஒவ்வோர் அமைப்பிலும் நினைவு எங்கே தங்குகிறது என்று தனித்தனியாகத்தான் தேட வேண்டும்.

காரணம் பலவென்றால் இந்தப் பொதுமையால் என்ன பயன் என்று கேட்கலாம். சராசரியை நம்பித் திட்டமிடுவது தவறு என்பதை அது எல்லா இடத்துக்கும் சேர்த்தே சொல்கிறது. 1909இல் கணிதவியலாளர் எர்லாங் தொலைபேசி அழைப்புகளைத் தற்செயலாகக் கொண்டு கணக்கிட்டது இணைப்பகங்களுக்குப் பொருந்தியது. அதே கணக்கைக் கணினி வலையமைப்புக்கு நீட்டியபோது பொய்த்தது. பெல்கோர் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வகத்தின் அளவீடுகள், தரவுப் போக்குவரத்தை நொடிக்கணக்கில் பார்த்தாலும் மணிக்கணக்கில் பார்த்தாலும் மேடுபள்ளம் சமனாவதில்லை என்று 1990களின் தொடக்கத்தில் காட்டின. சராசரி வரத்துக்கு ஏற்ற இடையகம் (வரும் தரவைத் தற்காலிகமாகத் தேக்கும் நினைவிடம்), கொத்து வரும் நேரத்தில் நிரம்பி வழியும்.

முன்கணிப்பிலும் இதே பாடம்தான். கொத்து எப்போது தொடங்கும் என்று நிலநடுக்கவியலால் சொல்ல முடியாது; தொடங்கிய பின் ஆபத்து எங்கே கூடியிருக்கிறது என்று சொல்ல முடியும். தமிழகக் கரையைச் சூறையாடிய 2004 டிசம்பர் 26 சுனாமியை எழுப்பிய நிலநடுக்கம், சுமத்ரா அருகே பக்கத்துப் பிளவுகளில் அழுத்தத்தை ஏற்றிவிட்டது என்று நிலநடுக்க ஆய்வாளர் மெக்ளாஸ்கியின் குழுவினர் 2005 மார்ச் 17 அன்று நேச்சர் இதழில் எச்சரித்தனர். பதினொரு நாளில் நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. நாளைக் குறித்துச் சொல்லவில்லையே என்று அந்த அறிவியலைக் குறை கூறலாம். ஆனால் பேரிடர் மேலாண்மைக்கு நாள் தெரிவதைவிட, ஒரு பேரிடர் முடிந்த மறுநாளே காவலைத் தளர்த்தக் கூடாது என்பது தெரிவதே அதிகம் உதவும். நிவாரணப் பணி முடிந்ததும் கோப்பை மூடுகிற நிர்வாகம், ஆபத்து மிகுந்திருக்கும் காலத்தில்தான் அதை மூடுகிறது.