நாட்டித் தக்காளியும் நாலு கிண்ணம் சூப்பும்

பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியின் காய்கறிக் கடைகளில் தக்காளி பெரும்பாலும் இரண்டு குவியலாக இருக்கும். ஒன்று நாட்டி எனும் நாட்டு ரகம், மற்றது ஹைப்ரிட். நாட்டி சற்றுத் தட்டை. மேடும் பள்ளமுமாக வரியோடியிருக்கும். பழுத்த பிறகும் காம்பைச் சுற்றி லேசாகப் பச்சை தங்கும். விரலால் அழுத்தினால் உள்வாங்கும். ஹைப்ரிட் நீள் உருண்டை, காம்பிலிருந்து அடிவரை ஒரே சிவப்பு, அழுத்தினாலும் அசைந்து கொடுக்காது. இங்கே கடைக்காரர் கன்னடத்தில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் முடித்து, தமிழில் சில்லறை கொடுப்பார். “சூப்புக்கா, அக்கா? அப்போ நாட்டி எடுத்துக்குங்க. ஹைப்ரிட் ஒரு வாரம் நிக்கும், புளிப்பு நிக்காது” என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் அந்தக் கேள்வியே புதிது. ஒரு தலைமுறைக்கு முன்பு “சாறுக்கா, சாம்பாருக்கா” என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அன்று ஹெப்பகோடி, ஓசூர் போகும் சாலையோரத்து ஆனேக்கல் வட்டத்துக் கிராமம். ராகியும் காய்கறியும் பூவும் விளைந்த பூமி. 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் பக்கத்துக் கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 300 ஏக்கருக்கு மேல் எடுத்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு அடித்தளம் போட்டது. அதே 1978-இல்தான் கிரண் மஜும்தார் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகையில் பயோகானைத் தொடங்கினார். பப்பாளிப் பாலிலிருந்து நொதி பிரித்தெடுப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. பிறகு அது ஹெப்பகோடிக்கு வந்து வேரூன்றியது. அடுத்திருக்கும் பொம்மசந்திராவில் தொழிற்பேட்டை எழுந்தது, எம்.டி.ஆர். நிறுவனத்தின் மசாலாப் பொடிகளும் உடனடி உணவுகளும் அங்கிருந்தே வருகின்றன. 2010-இல் எலக்ட்ரானிக் சிட்டி வரை மேம்பாலச் சாலை திறந்தது. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திராவுக்கு மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்துவைக்கப்பட்டது: 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். ஹெப்பகோடி நிலையத்தின் பெயரில் பயோகானும் சேர்ந்திருக்கிறது. நிலம் எடுத்த கதை இவ்வளவு போதும், சமையலறைக்கு வருவோம்.

ஹைப்ரிட் வருவதற்கு முந்தைய நாட்களின் தக்காளிக்கு ஆயுள் குறைவு. பழுத்து இரண்டு மூன்று நாளில் தோல் வெடிக்கும். மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி ஏற்றினாலும் அடி வரிசை நசுங்காமல் சந்தைக்குப் போய்ச் சேராது. ஆகவே விளைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தின்றாக வேண்டும், அதுவும் உடனே. மழைக்காலத்தில் அழுகல், கோடையில் பஞ்சம், இடையில் சில வாரங்கள் கொள்ளை மலிவு. அந்த மலிவு வாரங்களில் வீடுதோறும் தொக்கு கிளறுவார்கள், வற்றல் போடுவார்கள். சூப் வைத்தவர்கள் குறைவு.

மாற்றம் பெங்களூரிலிருந்தே புறப்பட்டது. 1973-இல் இங்குள்ள இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனம் ‘கர்நாடகா’ என்ற கலப்பினத் தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நகரின் மறுகோடியில், ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்கா’ வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ரகங்களை வெளியிட்டது. அவற்றில் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டை நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்கருகல் ஆகிய மூன்று நோய்களைத் தாங்கும். பழம் 90 முதல் 100 கிராம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு செடியில் 18 கிலோ வரை காய்க்கும். பறித்து இரண்டு வாரம் கெடாது. மருந்தடித்தே கடனாளியான விவசாயிக்கு இது சின்ன வரமல்ல. சுவையைப் பற்றிப் புலம்புகிற நம்மைப் போன்றவர்கள் இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் புலம்புவது நல்லது.

இன்று கூடை போய் பிளாஸ்டிக் கிரேட் வந்துவிட்டது. கோலார் சந்தையில் 15 கிலோப் பெட்டிதான் கணக்கு. அங்கிருந்தும் ராயக்கோட்டை, ஓசூர் பக்கத்திலிருந்தும் லாரி ஏறுகிற தக்காளி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு எங்கெங்கோ போகிறது, நசுங்காமல். அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதற்கு 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு பாதி விடை சொல்லியது. பழம் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக உலகெங்கும் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், காயில் பச்சையம் பெருக்கும் ஒரு மரபணு முடங்கிப்போனது. அந்தப் பச்சையம்தான் காயிலேயே சர்க்கரை சேர்க்க உதவியது. நாட்டியின் காம்போரத்துப் பச்சையைக் குறை என்று நினைத்தோம். அதில்தான் ருசியின் ஒரு பங்கு இருந்தது. மறுபாதியைக் குளிர்பதனப் பெட்டி பார்த்துக்கொண்டது. 2016-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். வெளியே எடுத்து வைத்த பிறகும், மணம் தரும் பொருள்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

ஆனால் நாட்டியே விளைந்த அந்த நாட்களில் சூப் என்பது வேறு ஆட்களின் உணவு. பெங்களூர் கன்டோன்மென்ட் பங்களாக்களில் துரைகளுக்கு வைத்தார்கள். பிறகு கிளப்புகளிலும் பெரிய ஓட்டல்களிலும் கிடைத்தது. ராஜதானி ரயிலில் போய்வந்தவர்கள் சூப்போடு வந்த குச்சி ரொட்டியையும் வெண்ணெய்த் துண்டையும் பற்றிச் சொல்வார்கள். நம் வீடுகளில் அந்த இடத்தில் ரசம் இருந்தது. 1951-இல் வெளியான மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ ரசவகைகளுக்கே தனிப் பகுதி ஒதுக்கிய நூல். சளி பிடித்தால், நாக்கு செத்தால், பிள்ளை பெற்ற உடம்புக்கு, எல்லாவற்றுக்கும் ரசம்தான். ஹெப்பகோடிக் கன்னட வீடுகளில் சாறு, தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்கு வந்த தமிழ் வீடுகளில் ரசம். உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒன்றே. சூப்புக்கென்றே பிறந்ததுபோல் புளிப்பும் சாறும் நிறைந்த தக்காளி இருந்த காலத்தில், சூப் கேட்பதற்கு ஆளில்லை.

கேட்க ஆள் வந்தது ஓட்டல் வழியாக. காபியை இரண்டாகப் பிரித்துக் குடித்த பெங்களூர், சூப்பையும் ‘பை டூ’ ஆக்கிக்கொண்டது. ஒரு சூப், இரண்டு கிண்ணம். சம்பள நாளில் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனால் முதலில் வருவது அதுதான். அங்கே குடித்ததை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்ட பெண்கள், பத்திரிகைகளின் இலவச இணைப்புச் சமையல் புத்தகங்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் செய்முறை பொறுமை கேட்டது. தக்காளியின் அடியில் கத்தியால் கூட்டல் குறி கீறி, கொதிநீரில் போட்டு, தோல் சுருண்டதும் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் இட்டு உரிக்க வேண்டும். பிரிஞ்சி இலை, நாலு மிளகு, ஒரு பல் பூண்டு, வெங்காயம் சேர்த்து வேகவிட்டு, ஆறவைத்து அரைத்து, கண் சின்னதான வடிகட்டியில் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து வடிகட்ட வேண்டும். இன்னொரு அடுப்பில் வெண்ணெயில் மைதா வறுத்து, பால் ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். இரண்டையும் சேர்க்கும் கணம்தான் கண்டம். தக்காளியின் புளிப்பு கொதிக்கிற பாலில் பட்டால் திரிந்துவிடும். அடுப்பை அணைத்து, சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது வழவழப்பாக வந்தது. பிறகு, முந்தின நாள் ரொட்டியைச் சதுரமாக வெட்டி நெய்யில் பொரித்து மேலே மிதக்கவிடுவார்கள். பிள்ளைகள் ரொட்டியைத் தின்றுவிட்டுக் கிண்ணத்தை வைத்துவிடுவார்கள் என்பது தனிக்கதை.

அந்தச் செய்முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. தக்காளியை நறுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் சூப் நீர்த்துவிடும்; நறுக்கிய கையோடு கொதிக்கவிட்டால் கெட்டியாக வரும் என்பார்கள். காரணம் உண்மையானது. வெட்டுப்பட்ட தக்காளியில் அதன் சொந்த நொதிகளே பெக்டினைச் சிதைக்கின்றன. தக்காளிக்கூழ் ஆலைகள் பழத்தை நசுக்கியதும் 90 டிகிரி அளவுக்குச் சட்டென்று சூடேற்றுவது அந்த நொதியை அடக்கத்தான். பயோகான் நொதியைப் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்த ஊரில், நொதியை அடக்கும் வித்தை பெயர் தெரியாமலே அடுப்படியில் இருந்தது.

பிறகு பாக்கெட் வந்தது. மேகி, நார் (Knorr) சூப் பாக்கெட்டுகள் மளிகைக் கடைச் சரத்தில் தொங்கின. நாலு கிண்ணம் தண்ணீர், கத்தரித்த உறை, சில நிமிடக் கொதி. கட்டி தட்டாது, திரியாது, எந்த மாதத்திலும் ஒரே நிறம். இரவு ஷிப்ட் முடிந்து வரும் கணவனும் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் மனைவியுமாக இருக்கும் பொம்மசந்திரா வீடுகளில், தோல் உரித்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? பாக்கெட்டில் சோளமாவும் சர்க்கரையும் உப்பும் சற்று அதிகம்தான். ஆனால் சூப்பை ஓட்டல் மேஜையிலிருந்து வாடகை அறையின் ஒற்றை அடுப்புக்கு இறக்கியது அதுதான்.

2023 ஜூலையில் வீட்டு சூப்பா பாக்கெட்டா என்ற கணக்கு விசித்திரமாயிற்று. கோலாரில் 15 கிலோப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. நாலு பேருக்கு வீட்டில் சூப் வைக்க அரைக் கிலோ தக்காளி வேண்டும். கிலோ 20 ரூபாய் விற்ற நாளில் அது 10 ரூபாய்ச் செலவு. அந்த மாதத்தில் 120 ரூபாய் விற்ற நாட்களில் 60 ரூபாய். பாக்கெட்டின் மேல் அச்சிட்ட விலையோ அசையவில்லை. வடஇந்திய மெக்டொனால்ட்ஸ் கடைகள் பர்கரிலிருந்து தக்காளியை எடுத்தது அந்த மாதம்தான். மலிவுக் காலத்தில் அதே தக்காளியைப் பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதையும் இந்தப் பக்கத்து மக்கள் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது வீட்டு சூப் திரும்பியிருக்கிறது, வேறு முகத்தோடு. பாக்கெட்டில் உப்பு என்று மருத்துவர் சொன்னார், குழந்தைக்குச் சோளமாவு வேண்டாம் என்று மருமகள் சொன்னாள், இப்படிக் காரணங்கள். பிரெஷர் குக்கரில் தக்காளி, ஒரு கேரட், சிறு துண்டு பீட்ரூட், இரண்டு விசில். கைப்பிளெண்டரை உள்ளே விட்டால் ஒரு நிமிடத்தில் கூழ். தோல் உரிப்பதில்லை, மைதாவுமில்லை. கெட்டிக்கு ஒரு பிடி மசூர் பருப்பு. கொஞ்சம் வெண்ணெய் சேர்ப்பது நல்லதே, தக்காளியின் லைகோபீன் வெந்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். கேரட் இனிப்புக்கு, பீட்ரூட் நிறத்துக்கு, கடைசியில் அரை மூடி எலுமிச்சை புளிப்புக்கு. முன்பு ஒரே பழத்தில் இருந்தவற்றை இன்று நாலு இடத்திலிருந்து வரவழைக்கிறோம். தக்காளி தீர்ந்தால் சில நிமிடங்களில் கொண்டுவந்து கொடுக்கச் செயலி இருக்கிறது. அதில் வருவது பெரும்பாலும் ஹைப்ரிட்.

செலவும் உழைப்பும் சுருங்கின, ஆண்டு முழுதும் கிடைக்கிறது, ஆணும் வைக்கலாம் என்றாகிவிட்டது. ஐ.டி. வேலைக்காரப் பையன்கள் நாலு பேர் சேர்ந்திருக்கும் வீட்டில் சூப் வைப்பது தக்காளி கெட்டுப்போகாமல் தீர்க்கும் வழி. அன்று கைமணம் என்று சொன்னதை இன்று அளவு பார்த்துச் செய்கிறார்கள், மோசமில்லாமல் வருகிறது. ஆனால் அடுப்பில் தக்காளி கொதிக்கும்போது பக்கத்து வீட்டுக்குத் தெரிகிற அந்தப் புளிப்பு வாசனை, ஹைப்ரிடோடு எழுவதில்லை.

மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீடுகளில் ஒரு சமரசம் நடக்கிறது. குக்கர் திறந்து கூழ் ஆனதும், வெண்ணெய் போடுமுன் பாட்டி தன் பங்கைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்துக்கொள்கிறார். அதில் தண்ணீர் விட்டு, தட்டிய மிளகு சீரகம், பெருங்காயம், கொத்தமல்லி போட்டு நுரைத்து வந்ததும் இறக்கி டம்ளரில் ஊற்றுகிறார். மீதியில் வெண்ணெயும் ரொட்டித்துண்டும் சேர்ந்து பேரப்பிள்ளைகளின் கிண்ணங்களுக்குப் போகிறது. “பாட்டி, உங்களோடது சூப்பே இல்ல” என்று பிள்ளைகள் சொல்ல, “உங்களோடதுல உப்பே இல்ல, கொண்டா போட்டுத் தரேன்” என்கிறார் அவர்.